என் ரத்தத்தையும் எடுங்கள்

என் மகள் பூச்சிமருந்து குடிக்கவில்லை. இதைப் பால் சொசைட்டியில் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவளிடம் அவள் கேட்காமலேயே சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். "செரி உடு சாமி. புள்ள பொழச்சு வந்துதே, அது போதாதா?" என்றார்கள். முகத்துக்கு நேரே மறுத்தாலாவது வாதாடலாம். இரக்கப்படுகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் மல்லசமுத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மரவள்ளி, நிலக்கடலை, மாடுகள். கணவர் எனக்கு அத்தை மகன். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேதான் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். சில வருடம் ஒரு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, வீடும் மாடும் போதும் என்று நின்றுகொண்டேன். பிள்ளை ஒருத்திதான். இயல்பிலேயே நான் பயந்தவள். அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனால் சத்தம் அடங்கும்வரை வாசலிலேயே நிற்பேன். இப்படி ஊரோடு மல்லுக்கு நிற்பேன் என்று என்னை அறிந்த யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நானே நினைக்கவில்லை.

போன வருடம் கோடையில் அவள் நீட் எழுதினாள். மதிப்பெண் போதவில்லை. அழுதது ஒரு சாயங்காலம். மறுநாள் காலை தட்டு நிறையத் தோசை தின்றுவிட்டு, "அடுத்த வருசம் இன்னொருக்கா எழுதறேம்மா. இப்பத் தூங்க உடு" என்று போய்ப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுடைய துக்கம். ஆனால் ஊரின் துக்கம் அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. நாமக்கல் பக்கம் இத்தனை பணம் கட்டிக் கோச்சிங் படித்த பிள்ளை கோட்டைவிட்டுவிட்டது என்பது டீக்கடை வரைக்கும் போயிருந்தது.

ரிசல்ட் வந்த அந்த வாரத்திலேயே ஒரு காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதலில் தொப்புளைச் சுற்றி வலி என்றாள். ஓமத்தண்ணீர் கொடுத்தேன், வாங்கிய வேகத்தில் என் மேலேயே வாந்தி எடுத்தாள். பிறகு வலி வலது பக்கம் கீழே இறங்கியது. காலை நீட்ட முடியவில்லை. வேனில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் பார்த்தார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "குடல்வால எடுத்துட்டா எத்தன கிலோ கொறைவேன்?" என்று கேட்டாள். அவள் அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது.

அறுவை நன்றாகவே முடிந்தது. அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் முழித்துவிடுவாள் என்றார். அந்தக் கொஞ்ச நேரம் வளர்ந்துகொண்டே போனது. அவளுக்குப் பிறகு உள்ளே போன ஒரு பெரியவரை வெளியே கொண்டுவந்து வார்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. உள்ளே போய்வருகிற நர்சுகள் என் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் இளம் வயசுப் பெண். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அம்மா, உங்க பொண்ணு இன்னும் தானா மூச்சு விடல. மெஷின்ல குடுத்துட்டு இருக்கோம். இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் நல்லா இருக்கு. உங்க வீட்ல வேற யாருக்காவது மயக்க மருந்து குடுத்து முழிக்க லேட் ஆயிருக்கா?"

எங்கள் வீட்டில் யாரையும் முழு மயக்கத்தில் கத்தி தொட்டதில்லை. எனக்குச் சுகப்பிரசவம். கணவருக்குக் குடலிறக்கத்துக்கு முதுகில் ஊசி போட்டார்கள். அதைச் சொன்னேன். அவர் குரலை இறக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க. கேட்டே ஆகணும். வீட்ல பூச்சிமருந்து ஏதாவது… பொண்ணுக்கு மனசுல ஏதாவது கஷ்டம் இருந்ததா?"

அவளுடைய ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பார்த்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அந்தப் பரிசோதனை எதற்கு என்று வார்டு பாய்க்குக்கூடத் தெரியும். தோட்டத்து மருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு எடுப்பது அது. மருந்து அந்த நொதியை முடக்கிவிடும். அளவு எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குக் குடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் என் மகளின் அளவு பாதாளத்தில் இருந்தது. வயிற்றுவலி, வாந்தி, பரீட்சையில் தோல்வி. எல்லாம் வரிசையாக வந்து அதனோடு உட்கார்ந்துகொண்டன.

என் கணவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். பிறகு போனை எடுத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு, மோட்டார் ரூமில் மருந்து பாட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பதில் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாதிதான் இருக்குதாம்."

"நீங்கதான போன வாரம் மாவுப்பூச்சிக்கு அடிச்சீங்க?"

"அடிச்சேன். எவ்வளவு மிச்சம் வெச்சேன்னு தெரியலயே அம்மிணி…"

பாதி குறையாத மருந்து பாட்டில் எந்தத் தோட்டத்து மோட்டார் ரூமில் இருக்கிறது? இதை அங்கேயே கத்திச் சொன்னேன். நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: கத்துவதற்கு முன்னால் ஒரு கணம் எனக்கும் சந்தேகம் வந்தது. ரிசல்ட் வந்ததிலிருந்து அவள் முகத்தை ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் என் சேலையிலிருந்து அந்த வாடை வந்தது. காலையில் அவள் எடுத்த வாந்தி முந்தானையில் காய்ந்திருந்தது. மாற்ற நேரமில்லாமல் அப்படியே வந்திருந்தேன்.

மருந்தின் வாடை எனக்குத் தெரியும். மருந்தடித்த நாளில் கணவரின் சட்டையை மூன்று தண்ணீரில் அலசினாலும் கொடியில் கிடக்கும்போது மூக்கைக் குத்தும். என் முந்தானையில் இருந்தது முந்தின ராத்திரி தின்ற இட்லியின் புளிப்பும் ஓமமும்தான்.

எழுந்துபோய் டாக்டரின் முன்னால் முந்தானையை நீட்டினேன். "மோந்து பாருங்க" என்றேன். அவர் தயங்கினார். "பாருங்க டாக்டர், கூச்சப்படாதீங்க. எம் புள்ள வாயிலிருந்து வந்தது இதுதான்."

மோந்து பார்த்தார். அதற்காக அவரை ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு" என்றார். "குடிச்சிருந்தா கண்ணு பாப்பா சுருங்கியிருக்கும், எச்சில் வடியும், உடம்பு நனைஞ்சிருக்கும். ஒண்ணும் இல்ல. சில பேருக்கு இந்த நொதி பொறக்கும்போதே இருக்காது. ஆனா அத நான் இப்ப நிரூபிக்க முடியாது. சந்தேகம்னு வந்துட்டா போலீசுக்குச் சொல்றது எங்க கடமை. சொல்லியாச்சு."

அந்த நேரத்தில் என் நாத்தனாரும் வந்து சேர்ந்தார். கணவருக்கு அக்கா, அயோத்தியாப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. கஷ்டம் என்றால் முதல் ஆளாய்ப் பஸ் ஏறுகிறவர். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "பெத்த வயிறு என்ன பாடுபடும்! இந்தப் பாழாப்போன பரிச்சைக்கு எம் மருமவ உசுர உடப் பாத்தாளே!" என்று அழுதார். அந்த ஒரு அழுகையில் முழு நடைபாதைக்கும் செய்தி போய்விட்டது.

பிறகு ஒரு ஏட்டையா வந்தார். வயசானவர், பொறுமையானவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஆறுதலாகத்தான் சொன்னார்: "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. தீராத வயித்துவலின்னே போட்டுக்கலாம். புள்ள பேருக்கும் ஒண்ணும் வராது."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. யாராவது மருந்து குடித்துவிட்டால், கடனும் காதலும் பரீட்சையும் காகிதத்தில் ஏறாது. வயிற்றுவலி தாங்காமல் குடித்துவிட்டார் என்று எழுதுவார்கள். பேப்பரிலும் அப்படித்தான் வரும். இது யாரையும் ஏமாற்றாது. வயிற்றுவலி என்று கேட்டதுமே எல்லாரும் புரிந்துகொண்டு மேற்கொண்டு கேட்காமல் விடுவார்கள். இரக்கத்தில் பிறந்த வழக்கம், நான் குறை சொல்லவில்லை. மருந்து குடிக்கிற நிலைமைக்குத் தள்ளப்பட்டவர்களையும் நான் பழித்துப் பேச மாட்டேன். அந்த வார்டில் அன்றைக்கும் யார் வீட்டு மருமகளோ ஒருத்தி அப்படிக் கிடந்தாள். ஆனால் என் மகளுக்கு வந்தது நிஜமான வயிற்றுவலி. அதை நான் எத்தனை முறை அழுத்திச் சொன்னேனோ, அத்தனை முறை அவள் மருந்து குடித்தது உறுதியானது.

"எழுதாதீங்க" என்றேன். "அவ குடிக்கல."

"அப்பறம் ரத்தத்துல இல்லங்கறாங்களே, அதுக்கு என்னன்னு எழுதறதும்மா?"

என்ன தோன்றியதோ தெரியாது. டாக்டரிடம் திரும்பி வலது கையை நீட்டினேன். "பொறக்கும்போதே இல்லாம இருக்கும்னீங்களே. பொறப்புன்னா எங்கிட்ட இருந்துதானே வரோணும்? என் ரத்தத்தையும் எடுங்க. அவங்கப்பா ரத்தத்தையும் எடுங்க."

டாக்டர், "நானே கேட்கணும்னு இருந்தேன்" என்றார்.

எடுத்தார்கள். அண்ணி, "உனக்கு எதுக்கு இப்ப ஊசி? உக்காரு அம்மிணி" என்று என் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தார். நான் உட்காரவில்லை.

முடிவு வந்தபோது ஏட்டையா டீ குடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். டாக்டர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு தெளிச்சி. கணவருடைய அளவு சாதாரணமாக இருக்க வேண்டியதில் பாதி. என்னுடையது மகளுடையதைப் போலவே, அதே பாதாளத்தில்.

ஏட்டையாவிடம் கேட்டேன்: "நான் என்னங்க குடிச்சேன்? விடியக்காலை எந்திரிச்சு மாடு கறந்தேன். இட்லி ஊத்தினேன். புள்ளயத் தூக்கி வேன்ல போட்டேன். மருந்து குடிச்சவ மாதிரியா உங்க முன்னால நிக்கறேன்?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "இல்லைங்கம்மா" என்றார். அவ்வளவுதான். ஆனால் வெயில் தாழ்ந்து, உள்ளே அவள் விரல் அசைந்து, பிறகு தானாக மூச்சு விட்டு, தொண்டைக் குழாயை எடுக்கும் வரைக்கும் அவரும் அங்கேயே நின்றிருந்தார்.

என் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் படித்தேன். பாடம் நடத்தியவள் என்பதால் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

நம் மூன்றாவது குரோமோசோமில் ஒரு ஜீன் இருக்கிறது. பி.சி.எச்.இ. என்று அதைக் குறிப்பார்கள். அதன் ஒரு படி, அதாவது நகல், தாயிடமிருந்து வரும்; இன்னொரு படி தந்தையிடமிருந்து. கல்லீரலின் செல்கள் அதைப் படித்துப் பார்த்து, அதில் உள்ளபடியே ஒரு நொதியைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன. சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் சேலை எடுக்கப் போனபோது தறிக்கு மேலே, பூவேலைக்கு வழிகாட்டுகிற ஓட்டை போட்ட அட்டைகள் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் ஒரு ஓட்டை இடம் மாறினால் அந்தத் தறியில் வருகிற ஒவ்வொரு சேலையிலும் அதே பூவில் அதே பிசகு வரும். நூலிலும் குற்றமில்லை, நெய்கிறவர் கையிலும் குற்றமில்லை. ஜீனும் அப்படித்தான். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் செல் அதை அப்படியே நம்பி, வேலை செய்யாத நொதியைச் செய்யும். சில சமயம் எதையுமே செய்யாது. ஒரு படி மட்டும் மாறியிருந்தால் மற்றது பாதியாவது ஈடுகட்டும். என் கணவருக்கு அப்படி. எனக்கும் மகளுக்கும் இரண்டு படிகளுமே மாறியவை.

இதனால் என்ன நோய் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் நான் உழைத்தேன், பெற்றேன், வளர்த்தேன். அந்த நொதி இல்லை என்று என் உடம்பு ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் வாந்தியோடு வருகிறவர்களுக்குத் தொண்டையில் சீக்கிரம் குழாய் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து கொடுப்பார்கள். நல்ல மருந்து, கொடுத்ததில் தவறே இல்லை. மற்றவர்களின் ரத்தத்தில் இந்த நொதி அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். உடைக்க ஆளில்லாத ரத்தத்தில் அது மணிக்கணக்காக நிற்கும். மூச்சை இழுக்கும் தசையும் தசைதானே, அதுவும் நின்றுவிடும். பூச்சிமருந்து முடக்குகிற நொதிகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் பிறவியிலேயே இல்லாதவளும் மருந்து குடித்தவளும் அந்தப் பரிசோதனைக்கு ஒரே மாதிரித் தெரிந்தார்கள். இந்த நொதி இல்லாதவர்கள் பூச்சிமருந்தின் பக்கமே போகக் கூடாது என்றும் டாக்டர் எச்சரித்தார். இப்போது மருந்தடிக்கிற நாளில் நாங்கள் இருவரும் தோட்டத்தில் கால் வைப்பதில்லை.

இதெல்லாம் அறிவுக்கு. என்னை இன்றைக்கும் நடுங்க வைப்பது மறுநாள் வார்டில் அவள் சொன்னது. தொண்டை கரகரத்துக் குரலே எழும்பவில்லை.

"எல்லாம் கேட்டுச்சும்மா."

"என்ன கேட்டுது கண்ணு?"

"ஆபரேஷன் முடிஞ்சு எந்திரி எந்திரின்னு தட்டுனாங்க. நான் முழிச்சுட்டேன். கண்ணத் தொறக்க முடியல. வெரல அசைக்க முடியல. மூச்சு வேற யாரோ உடற மாதிரி இருந்துச்சு. ஒருத்தரு சொன்னாரு, மருந்து குடிச்ச கேசா இருக்கும், ரிசல்ட்டு வந்த வாரமாச்சேன்னு. நான் குடிக்கல, குடிக்கலன்னு உள்ளுக்குள்ள கத்துனேம்மா. வாயே வரல."

அவள் கண்ணோரத்தில் நீர் வடிந்ததைப் பார்த்துத்தான் மயக்க மருந்து டாக்டர், பிள்ளை விழித்திருக்கிறாள் என்று கண்டுபிடித்து உடனே மறுபடி தூங்க வைத்திருக்கிறார். அதன் பிறகுதான் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

என் மகள் அசையாமல் கிடந்து சொல்ல முடியாததை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தோடு அறிவுரையும் கொண்டுவந்தார்கள். "படிப்பு போனா மயிராச்சு போ. உசுரு போனா வருமா சாமி?" என்றார் ஒரு பெரியப்பா. "பெரியப்பா, எனக்கு எடுத்தது குடல்வாலு" என்று அவள் தையலைக் காட்டப் போக, "செரி செரி, அப்புடியே சொல்லிக்கோ" என்று அவர் எழுந்துகொண்டார். கோச்சிங் விடுதியில் மறுபடி சேர்க்கப் போனபோது மேல்மாடி அறை தர மாட்டோம் என்றார்கள். ஏன் என்று கேட்டேன். ஜன்னல் பெரியது என்றார்கள். சேர்க்காமல் திரும்ப அழைத்துவந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருகிற மாதிரி வேறு இடத்தில் சேர்ந்தாள்.

ஜீன் பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பியிருந்தோம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிவு வந்தது. பெரிய வெற்றி வந்தது போல அதை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் சொல்லக் கிளம்பினேன். அப்போதுதான் அண்ணி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அம்மிணி, நீ படிச்சவ. நாஞ் சொல்றதக் கேளு. இந்த ஜீனு கீனெல்லாம் வெளிய சொல்லாத."

"ஏனுங்க அண்ணி? நம்ம புள்ள குடிக்கலைங்கறதுக்குச் சாட்சியே அதுதானுங்க."

"மருந்து குடிச்சாள்னா ரெண்டு வருசத்துல மறந்துபோடுவாங்க. சின்னப் புள்ள, புத்தி கெட்டுப்போச்சும்பாங்க. பரம்பரைல கோளாறுன்னா எவன் மறப்பான்? நாளைக்கு உம் மவளுக்கு மட்டுமா? எம் பையனுக்குப் பொண்ணு பாக்கறேன். நம்ம ஊட்டுல எவன் சம்பந்தம் வெப்பான்?"

அதுவரைக்கும் அவர் நம்பவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எப்போதோ நம்பிவிட்டார். நம்பிய பிறகும் அவருக்குப் பொய்தான் வசதியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தெரியாமல் சொன்னதைவிட, தெரிந்துகொண்டே என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதுதான் என்னைச் சுட்டது.

கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "அக்கா சொல்றதும்…" என்று இழுத்தார்.

"நீங்க பேசாதீங்க" என்றேன். இருபது வருடத்துக்கு மேல் ஆன கல்யாணத்தில் அவருடைய அக்காவின் முன்னால் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. "அண்ணி, உங்க பொண்ணு மாசமா இருக்காளே. உங்க தம்பிக்குப் பாதிதான் இருக்குதுன்னா உங்களுக்கும் இருக்கலாம், அவளுக்கும் இருக்கலாம். நாளைக்கு அவசரமா வயித்தக் கிழிச்சு எடுக்கோணும்னா? டாக்டருக்குத் தெரிஞ்சா வேற மருந்து குடுப்பாங்க. தெரியாட்டி? ஒருக்கா ரத்தம் எடுத்துப் பாத்துருங்க."

"எம் புள்ளைக்கு ஒண்ணுமில்ல. உன்ற வாய வெக்காத" என்று எழுந்து போய்விட்டார்.

அவருடைய மகள் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். போனில் அவளைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். அண்ணிதான் எடுத்தார், எடுத்ததும் வைத்தார். கணவர், "உடு, அவங்கவங்க விதி" என்றார். எனக்கு விதியின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அயோத்தியாப்பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன். வழியில் அவள், "பயமா இருக்குதாம்மா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "எனக்கும்" என்றாள்.

அண்ணி கதவைத் திறந்தார். வா என்று சொல்லவும் முடியவில்லை, போ என்று சொல்லவும் முடியவில்லை. வந்தவர்களை வாசலோடு அனுப்புகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. "மோரு குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க" என்று அடுப்படிக்குப் போனார். அவருடைய மகள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. நான் பேச வாயைத் திறந்தேன். என் மகள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் மருந்து குடிச்சேன்னு நெனைக்கறியா?"

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். "எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க…"

"நீ என்ன நெனைக்கற?"

பதிலுக்குக் காத்திருக்காமல் என் மகள் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாள். முழித்துக்கொண்டே அசையாமல் கிடந்ததை, மூச்சு தன் கையில் இல்லாமல் போனதை, பேசியதெல்லாம் காதில் விழுந்ததை. என்னிடம்கூட அவ்வளவு சொன்னதில்லை. அடுப்படியில் மோர் கடைகிற சத்தம் நின்றுபோனது.

"அது உனக்கு ஆயிரக் கூடாதுக்கா. எனக்கு இருக்கறது உனக்கும் இருக்கான்னு தெரியாது. இல்லாமயும் போகலாம். பாத்துட்டா போதும். நீ என்ன நம்பாட்டியும் பரவால்ல, ரத்தத்தக் குடு."

"கண்டதையும் சொல்லி மாசமா இருக்கற புள்ளயப் பயமுறுத்தறாளே!" என்று அண்ணி வந்தார். "நல்ல நேரத்துல இதென்ன பேச்சு? எந்திரி நீ."

"அம்மா, நீ சும்மா இரு." கட்டிலில் இருந்தவள் இரண்டு கையையும் ஊன்றி மெல்ல எழுந்தாள். "பெறப்போறது நானா, நீயா? அத்தை, என் செருப்பு அந்தப் பக்கம் கிடக்கு, கொஞ்சம் எடுத்துப் போடுங்க."

அண்ணி என்னோடு இன்றுவரை பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

கடைத்தெருவில் ஒரு பரிசோதனைக் கூடம் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருந்தது. ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் என்ன பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். அந்த வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், குரலை இறக்கினாள்.

"எந்த மருந்துங்க? எப்ப குடிச்சாங்க?"

நான் வழக்கம்போல முன்னே வந்தேன். எனக்கு முன்னால் அண்ணியின் மகளே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சொன்னாள்: "நான் எதுவும் குடிக்கல. இதோ நிக்கறாளே, இவளும் குடிக்கல. எங்க ரத்தம் அப்படி. நீங்க எடுங்க."

என் வாயிலிருந்து இல்லாமல் வேறொரு வாயிலிருந்து, அதுவும் எங்கள் குடும்பத்து வாயிலிருந்து, அதை அன்றைக்குத்தான் கேட்டேன். என் மகளும் கேட்டாள். அக்காவின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, ஊசி ஏறும்போது அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.